திருத்த முடியாத ஆணை

காலை நடை முடிந்ததும் கடற்கரையில் காந்தி சிலைக்குத் தெற்கே ஒரு பெஞ்சில் நாங்கள் ஐந்து பேர் உட்காருவோம். மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், வங்கிக்காரர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர், மளிகைக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் ஒருவர், அப்புறம் நான். ஐந்து பேர் வயதையும் கூட்டினால் முந்நூற்று எழுபதைத் தாண்டும். சர்க்கரை, முழங்கால் வலி, பேரப் பிள்ளைகளின் படிப்பு, பஞ்சப்படி என்று பேச்சு ஓடும். ஏழரை மணிக்கு வெயில் ஏறியதும் கலைந்துவிடுவோம்.

போன மாதம் ஒரு நாள் பேச்சு தூக்குத் தண்டனை பக்கம் திரும்பியது. செய்தித்தாளில் ஏதோ ஒரு கொலை வழக்கின் தீர்ப்பு. மளிகைக் கடைக்காரர் தாளை மடித்துத் தொடையில் தட்டினார். "இவனுங்களுக்கெல்லாம் எதுக்கு சார் கேசு, வக்கீலு? மறுநாளே தூக்குல போடணும். ஜெயில்ல வச்சு நம்ம வரிப்பணத்துல சோறு போட்டுக்கிட்டிருக்கான்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மெதுவாக, "எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேசறது சுலபம் சார். உங்க வீட்டுல நடந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். "நேரமாச்சு" என்று எழுந்து வந்துவிட்டேன். அவர் மேல் கோபம் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த நியாயமான கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது.

1984-ஆம் வருடம், ஆடி மாதம். எனக்கு வயது முப்பத்து நான்கு. என் அக்கா முதலியார்பேட்டையில் இருந்தாள். என்னைவிட ஆறு வயது பெரியவள். எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டதால் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு நாள் மத்தியானம் மாமா வேலைக்குப் போயிருந்த நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நாலு மணிக்குச் சின்னவன் வந்து பார்த்தபோது அடுக்களையில் கிடந்தாள். கழுத்தில் தாலிச் சங்கிலி இல்லை. ஏழு பவுன். இதற்கு மேல் அதை நான் விவரிக்கப் போவதில்லை. நாற்பது வருடம் ஆகியும் அந்த அடுக்களை வாசலைத் தாண்ட என்னால் முடிவதில்லை.

மூன்றாம் நாள் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவன். வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவன். எல்லாம் பொருந்தி வந்தது. ஒப்புக்கொண்டுவிட்டான் என்று எங்களுக்குச் சொன்னார்கள். சங்கிலியை உப்பனாற்றில் எறிந்துவிட்டதாகவும் எழுதி வாங்கியிருந்தார்கள். கேட்டதும் எங்களுக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. துக்க வீட்டில் முதன்முதலாக அன்றைக்குத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

அம்மா ஒன்றுதான் சொன்னாள். "அவன் தொங்கறத நான் பாக்கணும்."

நானும் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவன் ஜட்டியோடு தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். கால் விரல் இடுக்கில் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஓங்கி ஓர் அறை விட்டேன். பக்கத்தில் இருந்த காவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அறைந்த கை அன்று ராத்திரி வரை எரிந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று யாராவது தூக்குமேடை நெம்புகோலை என் கையில் கொடுத்திருந்தால் இழுத்திருப்பேன். இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியும் இருப்பேன்.

நாற்பது நாள் கழித்து விழுப்புரத்தில் ஓர் அடகுக் கடையில் அக்காவின் சங்கிலி கிடைத்தது. பேரேட்டில் பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் இருந்தது. அடகு வைத்தவன் மாமாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். அக்கா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். சுடுகாடு வரை வந்தவன். என்னோடு ஸ்டேஷனுக்கு வந்த இரண்டு சொந்தக்காரர்களில் ஒருவன்.

சுண்ணாம்பு அடித்தவனை விட்டுவிட்டார்கள்.

இது மாதிரி வழக்கில் தூக்கு வந்திருக்காது, ஆயுள்தான் வந்திருக்கும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். கடைசியில் உண்மையான குற்றவாளிக்கும் ஆயுள் தண்டனைதான் கிடைத்தது. ஆனால் என் மனக்கோர்ட்டில் அந்தச் சுண்ணாம்புக்காரனுக்குத் தூக்கு நிறைவேறிவிட்டது. நான் ஒரு நிரபராதியைத் தூக்கில் போட்டவன். அவன் கழுத்தில் கயிறு விழாததற்கு என்னுடைய நல்ல குணம் காரணம் அல்ல.

பதினைந்து வயதில் நடந்த ஒரு சின்ன விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் படிப்பு பிரெஞ்சில்தான் நடந்தது. இலக்கிய வகுப்பில் முசே ஒரு நாள் விக்தோர் ஹ்யூகோ 1829-ல் எழுதிய சின்ன நாவல் ஒன்றைப் பற்றிச் சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவன் தன் கடைசி நாட்களைத் தானே எழுதுவதாக வரும் கதை. அதில் அவன் பெயர் இல்லை. அவன் செய்த குற்றம் என்ன என்பதும் சொல்லப்படவில்லை.

நான் எழுந்து, "என்ன செய்தான் என்று தெரியாமல் அவனுக்காக எப்படி வருத்தப்படுவது?" என்று கேட்டேன். முசே சிரித்தார். "தெரிந்தால் நீ உடனே தராசை எடுத்துவிடுவாய். அதனால்தான் சொல்லவில்லை" என்றார். பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் முகம் சிவந்து உட்கார்ந்தேன். ஸ்டேஷனில் நான் தூக்கியது அந்தத் தராசைத்தான்.

பின்னால் நானாகவே தேடிப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அல்பேர் காம்யு 1957-ல் கில்லெட்டின் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதைத் தன் தகப்பனார் கதையோடு தொடங்குகிறார். அல்ஜீரியாவில் ஒருவன் ஒரு விவசாயக் குடும்பத்தைக் குழந்தைகளோடு கொன்றுவிட்டான். காம்யுவின் தகப்பனாருக்கு அடங்காத கோபம். அவன் தலை விழுவதைப் பார்க்க வேண்டும் என்று இருட்டோடு எழுந்து போனார். திரும்பி வந்தவர் யாரோடும் பேசவில்லை. கட்டிலில் படுத்தார், வாந்தி எடுத்தார். நியாயம் என்று நம்பிப் பார்க்கப் போன காரியம் அந்த மனிதரின் வயிற்றில் தங்கவில்லை.

இதையெல்லாம் படித்தவன் என்பதால் நான் மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். படிப்பு அவ்வளவு சீக்கிரம் யாரையும் மாற்றுவதில்லை. என்னை மாற்றியது என் மேஜைதான்.

அரசாங்கத்தில் முப்பத்தேழு வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். எல்.டி.சி.யாகச் சேர்ந்து, யு.டி.சி.யாகி, சூப்பரின்டெண்டாக வெளியே வந்தேன். ஓய்வூதியம் பார்க்கும் பிரிவில் ஆறு வருடம் இருந்தேன். 1991-ல் ஒரு நாள் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெண்மணி இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அதை ஃபைலில் சேர்த்து, ஓய்வூதியத்தை நிறுத்தலாம் என்று நோட் எழுதி மேலே அனுப்பினேன். மூன்று கையெழுத்து விழுந்தது. ஆணை போனது.

நாலு மாதம் கழித்து ஒரு பாட்டி பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். என் மேஜையருகே நின்று மூச்சு வாங்கிவிட்டு, "ஐயா, நான் சாகலீங்க" என்றார்.

ஒரே பெயர், ஒரே இனிஷியல். இறந்தது வேறு ஒருவர். எண்ணைச் சரிபார்க்காமல் கடிதத்தைத் தவறான ஃபைலில் கோர்த்தது நான். எனக்கு மேலே மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்களே, அவர்கள் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்க்க மாட்டார்கள். கீழே இருப்பவன் பார்த்திருப்பான் என்று மேலே இருப்பவர் நம்புவார். மேலே இருப்பவர் பார்ப்பார் என்று கீழே இருப்பவன் நம்புவான். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். எத்தனை படி இருக்கிறதோ அத்தனை முறை சரிபார்க்கப்படுகிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பல சமயம் ஒரே தவறு அத்தனை படியும் ஏறி, ஏற ஏற மரியாதை கூடிப்போகிறது.

அந்தப் பாட்டிக்கு நாலு மாதம் ஓய்வூதியம் இல்லை. எப்படிச் சாப்பிட்டாரோ. நானே ஓடி ஓடி ஒரே வாரத்தில் கொரிஜெண்டம் வாங்கினேன். திருத்த ஆணைக்கு நாங்கள் சொல்லும் பெயர் அது. 'மேற்படி ஆணை இதனால் ரத்து செய்யப்படுகிறது' என்று ஒரு வரி. நான் காகிதத்தில் கொன்ற ஒருவர் அந்த ஒரு வரியில் எழுந்து வந்துவிட்டார். நிலுவைத் தொகையோடு.

அரசாங்கம் போடும் எந்த ஆணைக்கும் கொரிஜெண்டம் உண்டு. வேலையை விட்டு நீக்கியவரைத் திரும்பச் சேர்க்கலாம். எடுத்த நிலத்துக்கு விலை கூட்டிக் கொடுக்கலாம். பத்து வருடம் சிறையில் வைத்தவரைக்கூட, போன பத்து வருடத்தைத் திருப்பித் தர முடியாவிட்டாலும், கதவைத் திறந்து வெளியே விட்டு, தவறு நடந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். கொரிஜெண்டம் போட முடியாத ஆணை ஒன்றே ஒன்றுதான். அதையும் என்னைப் போன்ற மனிதர்கள்தான் தயாரிக்கிறார்கள்.

நீதிமன்றம் என்ன ஓய்வூதியப் பிரிவா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் படிக்கும் வரை.

உத்தரப்பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்ற வழக்கில் 1975-ல் ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்ற மூன்று பேருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரே குற்றம், மூவருக்கும் ஒரே பங்கு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். மனுக்கள் வெவ்வேறு சமயத்தில் வெவ்வேறு நீதிபதிகள் முன் வந்தன. ஜீதா சிங்கின் மனு தள்ளுபடி ஆனது. காஷ்மீரா சிங்குக்குத் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு தள்ளுபடி. மறு ஆய்வு மனுவும் தள்ளுபடி. கருணை மனுவும் நிராகரிப்பு. கூட்டாளிக்குத் தண்டனை குறைந்த விஷயம் உரிய நேரத்தில் நீதிபதிகளின் கவனத்துக்கு வரவில்லை.

ஜீதா சிங்குக்கும் ஹர்பன்ஸ் சிங்குக்கும் ஒரே நாள் குறிக்கப்பட்டது. 1981 அக்டோபர் 6. கடைசி நேரத்தில் ஹர்பன்ஸ் சிங் போட்ட ரிட் மனுவால் அவருக்கு மட்டும் தடை கிடைத்தது. ஜீதா சிங் தூக்கில் போடப்பட்டார். 1982-ல் உச்ச நீதிமன்றம் ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. அதோடு ஓர் உத்தரவும் போட்டது. இனிமேல் யாரையும் தூக்கில் போடுமுன், கூடக் குற்றம் சாட்டப்பட்டவர் எவருக்காவது தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் தாமே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த உத்தரவைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. எங்கள் சர்க்குலர்கள் எல்லாம் இப்படித்தான் வரும். ஒரு தவறு நடந்த பிறகு, 'இனிமேல் கவனமாக இருக்கவும்.' ஜீதா சிங்குக்கு அந்த சர்க்குலரால் என்ன பயன்?

அதே வாரம் நான் படித்த மொழிக்காரர்கள் நாட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மரண தண்டனையை ஒழிக்கும் சட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை 1981 செப்டம்பர் 18 அன்று 363 ஓட்டுக்கு 117 என்று நிறைவேற்றியது. செப்டம்பர் 30 அன்று மேலவையும் ஏற்றது. அக்டோபர் 9 அன்று சட்டமாயிற்று. ஜீதா சிங் இறந்து மூன்றே நாளில். அப்போது பிரான்சில் பெரும்பாலான மக்கள் தூக்கு வேண்டும் என்றுதான் சொன்னார்கள், நம்ம பெஞ்சு மாதிரியே.

சட்டத்தைக் கொண்டுவந்த நீதி அமைச்சர் ரொபேர் பதேந்தேர் முன்னால் வக்கீலாக இருந்தவர். அவர் வாதாடிய ரொழே போந்தாம் என்பவரின் வழக்கு பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு நினைவிருக்கும். சிறையில் இரண்டு கைதிகள் ஒரு நர்ஸையும் ஒரு காவலரையும் பிணையாகப் பிடித்தார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். போந்தாம் கையால் கொலை நடக்கவில்லை என்று ஜூரிகளே சொன்னார்கள். ஆனாலும் கூட இருந்தார் என்று 1972 நவம்பரில் அவர் தலையும் விழுந்தது. அன்றிலிருந்து பதேந்தேர் அந்த இயந்திரத்தை விடவில்லை. பிரான்சில் கடைசியாக 1977 செப்டம்பரில் மார்செய் நகரில் ஒருவர் தலையை வெட்டினார்கள். அதோடு சரி.

நம் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். பேரறிவாளன் 1991 ஜூனில் கைது செய்யப்பட்டபோது பத்தொன்பது வயது. ராஜீவ் காந்தி கொலை எவ்வளவு பெரிய பாதகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று ஸ்ரீபெரும்புதூரில் செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு வந்த காவலர்களும் இருந்தார்கள். அவர்கள் வீட்டாரின் துக்கம் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதுவும் சரியில்லை. ஆனால் வழக்குக்கு வருவோம். ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. சாதாரணச் சட்டத்தில் போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. தடா சட்டத்தில் எஸ்.பி. பதிவு செய்தால் செல்லும். அந்த வாக்குமூலம் தூக்குக்கு முக்கியமான ஆதாரமாயிற்று. 1999-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. பத்து நாள் இடைவெளி. இரண்டு வருடம் கழித்து, 2013-ல், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு, ஒரு விஷயம் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்றார்.

ஒரு வாக்கியம். எழுதாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியம். முப்பத்தேழு வருடம் நோட் எழுதிய கை எனக்கு. ஒரு வாக்கியத்தை விட்டால் ஃபைல் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். 2014-ல் அவருக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் 2011-ல் நாள் தவறாமல் காரியம் முடிந்திருந்தால், அந்த அதிகாரியின் மனசாட்சி 2013-ல் பேசி யாருக்கு என்ன லாபம்?

மதுரையில் ஒரு முறை இது நடந்திருக்கிறது. பொற்கொல்லன் சொன்ன பொய், விசாரிக்காத ராஜா, கோவலன் தலை போயிற்று. கண்ணகி வந்து சிலம்பை உடைத்த பிறகு பாண்டியனுக்குத் தவறு புரிந்தது. அவனால் போட முடிந்த கொரிஜெண்டம் தன் உயிர் ஒன்றுதான். நம் பெரியவர்கள் அதைக் காப்பியமாக்கி வைத்தது வெறும் அழகுக்காக இருக்காது.

தமிழாசிரியர் நண்பர் மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "வள்ளுவரே செங்கோன்மை அதிகாரத்துல கொடியவங்கள ஒறுக்கறது பயிருக்குக் களை பிடுங்கற மாதிரின்னு சொல்லியிருக்காரே. பரிமேலழகர் கொலைத் தண்டனைன்னே உரை எழுதறார். நீங்க வள்ளுவருக்கு மேலயா?"

இல்லை, மேலே இல்லை. ஆனால் எங்கள் தாத்தாவுக்குப் பாகூரில் கொஞ்சம் நிலம் இருந்தது. களை எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நாற்றுப் பருவத்தில் நெல்லைப் போலவே இருக்கும் புல் உண்டு. வருடக் கணக்கில் களை எடுத்த கைகளே சில சமயம் ஏமாந்துபோகும். ஒரு நாற்றைத் தவறிப் பிடுங்கினால் வயலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. மனிதனை அப்படிச் சொல்ல முடியுமா? களை வயலில் இருக்கக்கூடாது, சரி. அதற்குத்தான் சிறை இருக்கிறது.

தூக்கு இருந்தால்தான் பயம் இருக்கும் என்கிறார்கள். அக்காவைக் கொன்றவனுக்குத் தூக்கு என்று ஒன்று இருப்பது தெரியும். ஊரே அதைத்தான் பேசியது, அவனும் கூட உட்கார்ந்து பேசினான். மாட்ட மாட்டோம் என்ற நம்பிக்கையில் இருப்பவனுக்குத் தண்டனை எதுவாக இருந்தால் என்ன? அவனைப் பிடித்தது தூக்குக் கயிறு இல்லை. அடகுக் கடையில் பேரேடு எழுதுகிறவர் ஒழுங்காக எழுதியிருந்தார், அதனால் பிடிபட்டான். சோறு போடுவதைப் பற்றி மளிகைக் கடைக்காரர் சொன்னதற்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. ஒருவனைத் தவறாகக் கொல்லாமல் இருப்பதற்கு அந்தச் சோறுதான் விலை என்றால் என் ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்ளட்டும்.

இனி கஷ்டமான பகுதி.

அக்காவைக் கொன்றவன் பதினான்கு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தான். ஒரு கல்யாணத்தில் தூரத்தில் பார்த்தேன், தலை நரைத்திருந்தது. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன். தூக்கு வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் மன்னிக்கிற மகாத்மாக்கள் என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. அம்மா 1996-ல் போய்விட்டாள். கடைசி வரைக்கும் அவன் தொங்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் ஒருவனை, பிறகு இன்னொருவனை. ஆள் மாறியது, அம்மாவின் வாக்கியம் மாறவில்லை. அதற்காக அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பெற்றவள் அப்படித்தான் சொல்லுவாள். அதனால்தான் தண்டனையைப் பெற்றவள் கையில் கொடுக்காமல் அரசாங்கத்தின் கையில் கொடுத்திருக்கிறோம். அரசாங்கமும் பெற்றவளைப் போலவே பேசினால் அப்புறம் அது எதற்கு?

சுண்ணாம்பு அடித்தவனை நான் பல வருடம் பார்க்காமல் தப்பித்தேன். பொங்கல் சமயத்தில் எங்காவது ஏணியில் அவன் நிற்பது தெரிந்தால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பிவிடுவேன். 1993-ல் ஒரு நாள் மகளுக்கு ஏதோ சான்றிதழ் வாங்க எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். வரிசையில் நின்றான். தப்பிக்க வழியில்லை. அவன் விண்ணப்பத்தை வாங்கி, விடுபட்டதை நானே பூர்த்தி செய்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். போகும்போது வராந்தாவில் பின்னாலேயே போனேன்.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியுது சார். முதலியார்பேட்டை அம்மா தம்பி."

"அன்னிக்கு உன்னை அடிச்சிட்டேன். தப்புப்பா." இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று.

அவன் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "விடுங்க சார். நீங்க ஒரு அடிதான். அதெல்லாம் கணக்கா?" என்றான். படியில் இறங்கும்போது இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்ததைக் கவனித்தேன். அது முன்பே இருந்ததா, ஸ்டேஷனில் வந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மளிகைக் கடைக்கார நண்பரே, இதுதான் என் பதில். எங்கள் வீட்டில் நடந்தது. நடந்தபோது நானும் நீங்கள் சொன்னதையே சொன்னேன், உங்களைவிட உரக்கச் சொன்னேன். நான் சொன்னபடி நடந்திருந்தால் அந்த வராந்தாவில் தப்பு என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் இருந்திருக்க மாட்டான்.

நாளைக் காலை பெஞ்சுக்கு வருகிறேன். இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, எனக்கு இடம் போட்டு வையுங்கள்.